வசந்தா அத்தையின் நெகட்டிவ்

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

வெள்ளிக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகை அட்டைப்படத்துக்கு வந்த அந்தக் கறுப்பினப் பெண்ணின் முகத்தை "கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா" பண்ணச் சொன்னார்களாம். வெள்ளையாக்கு என்று யாரும் சொல்லவில்லை என்றாய். சொல்லவே மாட்டார்கள் அம்மா. எனக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "முகம் பளிச்சுனு இருக்கட்டும் தம்பி" என்பார்கள். அவ்வளவுதான்.

"வேலையை விட்டுடவாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை என்று அவளிடம் சொன்னது பொய். ஸ்டுடியோவில் நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல வாய் வரவில்லை.

மாடியில் கிடக்கிறதே சாய்வான மரப்பெட்டி, அதில் நீ சின்ன வயதில் கலர் பென்சில் போட்டு வைத்திருந்தாய். அது டச்சிங் மேசை, நெகட்டிவில் முகத்தைத் திருத்துகிற மேசை. நடுவில் பால் கண்ணாடி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கீழே பட்டு மேலே வரும். நெகட்டிவை அதன் மேல் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் கமா கமாவாகப் போட வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, நாம் கறுப்பு ஏற்ற ஏற்ற பிரிண்டில் முகம் வெளுக்கும். முழு முகத்தையும் தூக்க வேண்டுமென்றால் மெல்லிய பிரஷ்ஷில் சிவப்புச் சாயம். என் வாத்தியார் அதை "பவுடர் போடுறது" என்பார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் கேட்காமலே போட்டுவிடுவோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பு.

1979-இல் வசந்தா அத்தையை நான்தான் படம் எடுத்தேன். சாயமும் நான்தான் தடவினேன். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டார் வந்தார்கள். அத்தை காப்பித் தட்டோடு வந்து எல்லாருக்கும் கொடுத்து, நமஸ்காரம் பண்ணிவிட்டு உள்ளே போனாள். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த அந்த அம்மாள், "சரி, பொண்ணை வரச் சொல்லுங்க" என்றாள்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சு நம் வீட்டில் நடந்ததே இல்லை. மாமா வந்து கட்டிக்கொண்டதெல்லாம் பின்னால். அவர் படமே கேட்கவில்லை.

இதை வைத்துக்கொண்டுதான் நான் உன் ஊர்ப் பத்திரிகைகளைப் பார்க்கிறேன். யார் முகத்தை அட்டையில் போட்டார்கள் என்று எல்லாரும் எண்ணுவார்கள். எண்ண வேண்டியதுதான். என் கண் மட்டும் முகத்தில் விழுந்த வெளிச்சத்துக்குப் போகும். 1965 ஜனவரியில் ஹார்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையில் டோன்யேல் லூனா என்ற மாடலை அட்டையில் போட்டார்கள். ஆனால் படமாக இல்லை, ஓவியமாக. அவள் கறுப்பினப் பெண் என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மறு வருஷம் மார்ச்சில் பிரிட்டிஷ் வோக், அதுவும் ஃபேஷன் பத்திரிகைதான், அவளுடைய நிஜப் படமே போட்டது. டேவிட் பெய்லி எடுத்தது. விரல் இடுக்கில் ஒரு கண்தான் நன்றாகத் தெரியும், மூக்கும் வாயும் கைக்குப் பின்னால். நல்ல படம்தான், தொழில்காரனாகச் சொல்கிறேன். ஆனால் கை ஏன் அங்கே வந்தது என்று ஒரு தொழில்காரன் கேட்காமல் இருக்க முடியாது. அமெரிக்க வோக் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண், பெவர்லி ஜான்சன், எந்த மறைப்பும் இல்லாமல் வந்தது 1974 ஆகஸ்டில்தான். பிரெஞ்சு வோக்குக்கு இன்னும் பதினாலு வருஷம் ஆயிற்று. அதுவும் விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று உடை வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோரான் மிரட்டிய பிறகு மாடல் நவோமி கேம்ப்பெல்லைப் போட்டார்கள். 'கறுப்பு அட்டை விற்காது' என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 2008 ஜூலையில் இத்தாலி வோக் பதில் சொன்னது. கறுப்பின மாடல்களை வைத்தே ஓர் இதழ். தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள்.

கலர் வந்தபின் மெஷின் பார்த்துக்கொள்ளும், நம் பாவம் தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்கும் ஒரு கதை உண்டு. லேப்களில் நிறம் சரிபார்க்க ஃபிலிம் கம்பெனி கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் பல்லும் வேட்டியும் மட்டும் பளிச்சென்று தெரிவதற்கு நான் ஃபிளாஷைத் திட்டிக்கொண்டிருந்தேன். மர நாற்காலி, சாக்லேட் விளம்பரம் எடுக்கிறவர்கள் பழுப்பு சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்த ஆரம்பித்ததாக கோடாக்கில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனுஷ முகத்துக்காக இல்லை, நாற்காலிக்காக.

2021-இல் நம்ம துளசேந்திரபுரத்துக்காரர் பேத்தி கமலா ஹாரிஸ் வோக் அட்டையில் வந்தபோது நம் பக்கம் ஒரே சந்தோஷம். அமெரிக்காவிலோ, வெளிச்சம் சரியில்லை, முகம் வெளுத்துக் கிடக்கிறது என்று சண்டை. எடுத்தவர் டைலர் மிட்செல், அமெரிக்க வோக் அட்டையைப் படமெடுத்த முதல் கறுப்பின போட்டோகிராபர். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் வோக்கில் ஒன்பது ஆப்பிரிக்க மாடல்களைப் போட்டபோது புகார் நேர்மாறு: இருக்கிற நிறத்தைவிடக் கறுப்பாக்கிவிட்டார்கள் என்று. அப்போது ஆசிரியராக இருந்த எட்வர்ட் எனின்ஃபுல், கானாவில் பிறந்தவர். ஆக, ஆளை மாற்றுவதோடு விஷயம் முடிகிறதில்லை. அட்டைக்குப் போகும் முகம் எல்லாம் ஒரு மேசையைத் தாண்டித்தான் போகிறது. இப்போது அதில் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

அதனால் விட்டுவிடாதே. அந்த நாற்காலி காலியாக இருக்காது. கேட்காமலே பவுடர் போடும் என்னைப் போல ஒருவன் வந்து உட்காருவான். ஒன்று செய். 'ஃப்ரெஷ்ஷா' என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேள். எந்த இடம், எவ்வளவு, எதற்கு. "தோல் நிறத்தை ஏற்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட எல்லாருக்கும் கை வராது. 2017-இல் கிராட்சியா பத்திரிகை அட்டையில் நடிகை லுபிட்டா நியோங்கோவின் முடியை வழித்தெடுத்த மாதிரி மாற்றியிருந்தார்களே, அவர் தன் நிஜப் படத்தைப் போட்டுக் கேட்டபோது பத்திரிகை நாங்கள் சொல்லவில்லை என்றது. போட்டோகிராபர் மன்னிப்புக் கேட்டார். சொன்னவர் யார் என்ற கேள்வி வரும்போது கடைசியில் கைதான் மாட்டும். எழுதிக் கேட்டும் கட்டாயப்படுத்தினால், அப்போது மறுபடி போன் பண்ணு. அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

நேற்று இரும்புப் பெட்டியைக் குடைந்து அத்தையின் நெகட்டிவைக் கண்டுபிடித்தேன். டர்பன்டைன் தொட்ட பஞ்சால் பென்சிலைத் துடைத்து, தட்டில் தண்ணீர் விட்டு ஊறப் போட்டேன். தண்ணீர் மெல்ல ரோஸாக மாறியது. நாலு தடவை மாற்றினேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பையனிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணி மூன்று பிரிண்ட் போட்டேன். "அங்கிள், கொஞ்சம் பிரைட் பண்ணவா?" என்றான். வேண்டாம்டா என்றேன்.

சாயங்காலம் அத்தை வந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியே அம்மா மாதிரி இருக்கேன்ல அண்ணே" என்றாள். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். இடது கன்னத்தில் திட்டாக வெளுத்துத் தெரியும். அந்த இடத்தில் சாயம் இறங்கிவிட்டது, எவ்வளவு ஊறவைத்தும் போகவில்லை. நீ அதைச் சரி பண்ணாதே.

அன்புடன்,
அப்பா