ஐந்து வேண்டாம், இரண்டு போதும்

மண்டபம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஐந்து கிலோவாட் சோலார் போடலாம், பணம் அனுப்புகிறேன் என்று நீ சொன்னதும் அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். நான் பழைய கரண்டு பில்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். ஐந்து வேண்டாம், இரண்டு போதும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

2024-ல் வந்த பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத்தான் தாராளம்: கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவதற்கு 18,000. அதோடு சரி. மூன்று போட்டாலும் ஐந்து போட்டாலும் 78,000-க்கு மேல் ஒரு பைசா கிடையாது. மீதி இரண்டு கிலோவாட்டும் முழுக்க உன் கைக்காசு.

நம் செலவைப் பார். மருமகளும் பிள்ளைகளும் இங்கே வந்ததிலிருந்து ஏசி ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் ஆகிறது. முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது, உனக்கே தெரியும். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால், 100-க்கும் 200-க்கும் நடுவில் கிடைக்கும் மலிவு விலை போய்விடும்; தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போடுகிறான். நம்மைக் கடிப்பது இதுதான். ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். நாம் எடுக்கும் கரண்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரில் அதைக் கழித்தால் மிச்சம் இருநூறுக்குள் நிற்கும். அதற்கு மேல் பேனல் போட்டு யாருக்கு லாபம்?

பேனல் மாட்டித்தர இராமநாதபுரத்திலிருந்து வந்த ஒருவர், "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் அம்மா" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. முறைப்படி முழுத்தொகையையும் நாம் கொடுத்து, பேனல் மாட்டி, மின்வாரியம் பார்த்து நெட் மீட்டர் வைத்த பிறகு மானியம் நம் வங்கிக் கணக்குக்கே வரும். பேனல் இந்தியாவில் செய்ததாகவும் இருக்க வேண்டும். விலை குறைவு என்று வெளிநாட்டுச் சரக்கை மாட்டிவிட்டால் மானியம் கிடையாது. மூன்று கிலோவாட் வரை வங்கியில் பிணை இல்லாமல் கடனும் உண்டு, ஆனால் நமக்குத் தேவைப்படாது.

அவரிடம் நான் அதிகம் கேட்டது பேனலைத் தாங்கும் சட்டத்தைப் பற்றித்தான். மாடி ஜன்னல் கிரில்லை நகத்தால் சுரண்டினால் துரு ஏடு ஏடாக உதிர்கிறது. அதே உப்புக்காற்றுதான் பேனல் சட்டத்தின் மேலும் அடிக்கும். சாதா இரும்புக்குப் பெயின்ட் அடித்து மாட்டினால் ஆகாது. ஹாட் டிப் ஜிஐ (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு) அல்லது அலுமினியம், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஸ்எஸ் என்று கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கிலோவாட்டுக்கு இருநூறு சதுர அடி மாடி போகும். கருவாடு காயப்போட இடம் வேண்டுமே! உயரத்தூக்கி மாட்டினால் கீழே காயப்போடலாம் என்கிறார் அப்பா. கச்சான் காற்றில் அது நிற்குமா? நான் தாழ்வாகவே மாட்டச் சொல்கிறேன், கருவாட்டுக்குக் கிழக்கு ஓரம் போதும். பேனல் மேல் காக்கை எச்சமும் தூசியும் படியும். போர்த் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் பிடிக்கும். விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு வாளியை எடுத்து, வெயில் ஏறுமுன் துடைக்க வேண்டியதுதான்.

கரண்டு போனாலும் சோலார் ஓடும் என்று நீ நினைத்திருக்கிறாய். ஓடாது. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அதுவும் தானே நின்றுவிடும். பேட்டரி வைக்கலாம், அதற்கு மானியம் இல்லை. பழைய இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுகிறது, போதும்.

இனி ஒரே ஒரு முடிச்சு. மின் இணைப்பு இன்னும் உன் தாத்தா பெயரில் இருக்கிறது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். அப்பா பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இருக்கின்றன. இன்னொரு வாரிசான தொண்டி அத்தையின் சம்மதக் கையெழுத்துத்தான் பாக்கி. வீட்டையே எழுதி வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவள் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள். அப்பா கேட்டால் சண்டைதான் வரும். நீ இந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு போன் போட்டு, இது கரண்டு கார்டில் பெயர் மாற்றுவது மட்டும்தான் என்று பொறுமையாகச் சொல். அவள் கையெழுத்துப் போட்ட பிறகு பணம் அனுப்பினால் போதும்.

அம்மா