'மனுஷன் எப்பவுமே இப்படித்தான்' என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஆதியிலிருந்தே மனுஷன் இப்படித்தான், ரத்தத்திலேயே இருக்கு, பேசி என்ன ஆகப்போகுது" என்று சொல்லி முடித்துவிட்டாய். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே விட எனக்கு மனசில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சூடானின் வடக்கே, நைல் கரையோரம் ஜெபல் சஹாபா என்று ஓர் இடுகாடு இருந்தது. அஸ்வான் உயர் அணை கட்டினால் அந்தப் பகுதியே தண்ணீருக்குள் போய்விடும் என்பதால், 1960களில் ஃப்ரெட் வெண்டார்ஃப் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தலைமையில் அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்தவை 61 பேரின் எலும்புகள், குறைந்தது 13,400 ஆண்டுகள் பழையவை. பல உடல்களோடு கல் சில்லுகளும் இருந்தன. பிணத்தோடு வைத்த படையல் பொருள்கள் அல்ல அவை, உடலுக்குள் பாய்ந்த அம்பு, ஈட்டிகளின் முனைகள். ஒரே சண்டையில் எல்லோரும் செத்திருப்பார்கள் என்ற எண்ணம் வெகுகாலம் பரவியிருந்தது. மனிதகுலத்தின் முதல் போர் என்று பெயரும் கிடைத்துவிட்டது. நீ சொல்வதற்கு நல்ல சாட்சி, இல்லையா?

அந்த எலும்புகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இசபெல் க்ரெவ்கூரும் அவரது குழுவினரும் அவற்றை நுண்ணோக்கியில் மறுபடி பார்த்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 61 பேரில் 41 பேருக்குக் காயம். பெண், ஆண், சிறு பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். உயிரோடிருக்கும் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி வளைந்து பிளக்கும், மண்ணில் கிடந்து காய்ந்தது வறண்டு நொறுங்கும், அதனால் சாகும் நேரத்தில் விழுந்த அடி எது, பின்னால் மண் அழுத்தி உடைந்தது எது என்று பிரித்துவிடலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உடைந்து, ஒட்டி, விளிம்பு மழுங்கி ஆறிப்போன காயம். தலையில் விழ வந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் முறியுமே, அந்த முன்கை எலும்பு. அது முறிந்து கூடியிருப்பது ஜெபல் சஹாபாவில் உண்டு. ஆறிய காயமும் ஆறாத காயமும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. அடிபட்டு, பிழைத்து, கை கூடி, அப்புறம் இன்னொரு நாள் மறுபடி தாக்கப்பட்டிருக்கிறார். கை முறிந்து கிடந்த நாள்களில் யாராவது சாப்பாடு கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, ஒரே நாள் போர் இல்லை. வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப நடந்த திடீர்த் தாக்குதல்கள். பனியுகம் முடியும் தறுவாயில் தட்பவெப்பம் தாறுமாறாக மாறியது. நைலை நம்பியிருந்த கூட்டங்கள் சுருங்கிய இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு வாழவேண்டி வந்தது. அதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள்.

கொலை பழையதுதான், மறுக்கவில்லை. ஸ்பெயினின் அட்டபுவெர்காவில் கிடைத்த 4,30,000 ஆண்டுப் பழைய மண்டை ஓடு ஒன்றின் நெற்றியில் ஒரே ஆயுதத்தால் விழுந்த இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் கூட்டமாகக் கொன்றதற்கான தடயம் அவ்வளவு பழைய காலத்தில் கிடைப்பதில்லை. அது பெருகுவதெல்லாம் பின்னால்தான். ஜெர்மனியின் டால்ஹைமில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே குழியில் வீசப்பட்ட 34 பேர் விவசாயிகள், அதில் 16 பேர் குழந்தைகள். மரம் செதுக்கும் கல் வாச்சியால் மண்டையில் அடித்திருக்கிறார்கள், பலரைப் பின்னாலிருந்து. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. எலும்பில் படாமல் சதையில் பாய்ந்த அம்பு தடயமே விடாது, மிகப் பழைய எலும்புகளும் கொஞ்சம்தான். அதனால் ஆதிமனிதன் சாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே எலும்புகளை வைத்துக்கொண்டு 'எப்பவுமே' என்று சொல்லவும் முடியாதே தம்பி. நைல் கரையில் நடந்ததற்கு ஒரு காலமும் இடமும் நெருக்கடியும் இருந்தன. ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்ன உடனே அதையெல்லாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

2021 கட்டுரை 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. படங்களை மட்டுமாவது பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்