ரத்தப் பரிசோதனைக்கு முன் ஜிம் பவுடரைப் பற்றிச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சத்துவாச்சாரியில் பிள்ளைகள் எடை தூக்குவது புதிதில்லை. 2014லும் 2018லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர்தான். அதனால் கல்லூரியில் படிக்கும் என் மகன் ஜிம்முக்குப் போகிறேன் என்றதும் நானே பணம் கட்டினேன். கிரியாட்டின் என்று ஒரு வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

போன மாதம் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்ததில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக, 1.5 என்று வந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்து இறந்துபோனவர் என் அண்ணன், அதனால் அந்த வார்த்தையை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் அவனைப் பார்த்ததும் "ஜிம்முக்குப் போறியா, பவுடர் ஏதாவது எடுக்கறியா" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கிரியாட்டின் வேறு, கிரியாட்டினின் வேறு. முதலாவது தசைக்குச் சக்தி தருவது, நம் உடம்பே கொஞ்சம் தயாரிக்கிறது, கறியிலும் மீனிலும் இருக்கிறது. அது சிதைந்து சிறுநீரில் போகும் கழிவுதான் இரண்டாவது. பவுடர் சாப்பிட்டாலும், தசை கூடினாலும், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் அந்த எண் கொஞ்சம் ஏறலாம். ஆனால் வெறும் எண்ணை வைத்து அது பவுடரால் ஏறியதா, சிறுநீரகக் கோளாறா என்று சொல்ல முடியாது, அதனால் டாக்டர் பவுடரை நிறுத்தச் சொல்லி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்து, சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து கிரியாட்டினின் 1.0 என்று வந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

பவுடர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் சிறுநீரகம் கெடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்று டாக்டரே சொன்னார், தசையில் நீர் சேர்வதால் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடும், அவ்வளவுதான். கோபம் அதைக் கொடுத்த விதத்தில். முதல் வாரம் தினமும் 20 கிராம், அதுவும் ஒரே தடவையில் குடி என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருக்கிறார், பையனுக்கு வயிற்றுப்போக்கே நிற்கவில்லை. அந்தப் பவுடரையும் பெயரோ எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணோ இல்லாத ஜிப் கவரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வேறு என்ன கலந்திருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. சுகர், பிரஷர் உள்ளவர்களும் அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர்களும் 18 வயது ஆகாத பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ரத்தம் எடுக்கும் லேபில் "சாப்பிட்டாச்சா, சுகர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறார்கள். இளவட்டப் பையன்களிடம் கூடவே "ஜிம் பவுடர் எடுக்கறியா தம்பி" என்றும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
சத்துவாச்சாரி, வேலூர்.