தீர்க்கதரிசன அடையாளங்களைக் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வேதாகமத் தீர்க்கதரிசனங்களைப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கும், வேதபாட வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

தானியேலிலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் வரும் மிருகங்களையும் கொம்புகளையும் எண்களையும் நீங்கள் விளக்கும் முறையைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். போர்ச் செய்தி ஒன்று வந்தால் ஒரு கொம்புக்கு ஒரு நாட்டின் பெயரும், புதிய தொழில்நுட்பம் ஒன்று வந்தால் மிருகத்தின் முத்திரைக்கு ஒரு கருவியின் பெயரும் சூட்டப்படுகின்றன. செய்தி பழையதானதும் அந்தப் பெயர் எந்த விளக்கமுமின்றி மாற்றப்படுகிறது. ஓர் அடையாளத்தின் பொருளை அன்றாடச் செய்தியில் தேடுவதற்கு முன்பு, அது வேதத்தில் இதற்குமுன் எங்கே வந்திருக்கிறது என்று தேட மக்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பல அடையாளங்களுக்கு வேதமே வெளிப்படையாக விளக்கம் தருகிறது. ஆட்டுக்கடா மேதியா, பெர்சியா ராஜாக்களையும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜாவையும் குறிப்பதாக தானியேல் 8-இல் தூதனே சொல்கிறான். உலர்ந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சத்தார் என்று எசேக்கியேல் 37-உம், ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று வெளிப்படுத்தல் 1-உம் கூறுகின்றன. இவற்றில் ஊகத்துக்கு இடமில்லை.

விளக்கம் நேராகத் தரப்படாத இடங்களில் மீண்டும் மீண்டும் வரும் வடிவங்களே நமக்கு வழிகாட்டுகின்றன. வெளிப்படுத்தல் 13-இல் கடலிலிருந்து எழும்பும் மிருகத்துக்கு ஏழு தலைகளும், பத்துக் கொம்புகளும், சிறுத்தையின் சாயலும், கரடியின் கால்களும், சிங்கத்தின் வாயும் உண்டு. தானியேல் 7-இல் சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புள்ள மிருகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த நான்கையும், வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவான் பின்னிருந்து முன்னாக ஒரே உடலில் சேர்த்துக் காண்கிறார்; சிறுத்தைக்கு நான்கு தலைகள் இருந்ததால், அந்த நான்கின் தலைகளைக் கூட்டினாலும் ஏழுதான் வருகிறது. முந்தைய சாம்ராஜ்யங்களின் கொடுமை அனைத்தும் ஒன்றுதிரண்ட அதிகாரம் இது என்பதை முதல் வாசகர்கள் எந்த வெளிக்குறிப்புமின்றி உணர்ந்திருப்பார்கள்.

பாபிலோனைப் பற்றிய பகுதியில் இந்த வடிவம் இன்னும் செறிவானது. உங்கள் வகுப்புகளில் அதற்கு மிகுந்த நேரம் ஒதுக்கவேண்டும் என்று விரும்புகிறேன். "நான் ராணியாக வீற்றிருக்கிறேன், விதவையல்ல" என்னும் பொருளில் வெளிப்படுத்தல் 18-இல் ஸ்திரீயாக உருவகிக்கப்பட்ட பாபிலோன் பேசும் பெருமை ஏசாயா 47-இலிருந்து வருகிறது. என் ஜனங்களே, அவளை விட்டு வெளியே வாருங்கள் என்ற அழைப்பு எரேமியா 51-இல் ஏற்கெனவே ஒலித்தது. அதே அதிகாரத்தின் முடிவில், பாபிலோனின் அழிவை எழுதிய சுருளில் ஒரு கல்லைக் கட்டி ஐபிராத்து நதியில் எறியும்படி செராயாவுக்குக் கட்டளையிடப்படுகிறது. யோவானின் தரிசனத்திலோ பலமுள்ள தூதன் ஒருவன் ஏந்திரக்கல்லைப் போன்ற பெருங்கல்லைச் சமுத்திரத்தில் எறிகிறான். வியாபாரிகளின் புலம்பலும் சரக்குப் பட்டியலும் எசேக்கியேல் 27-இல் தீரு என்னும் துறைமுக நகருக்காகப் பாடப்பட்ட புலம்பலை ஒத்திருக்கின்றன. பொன்னில் தொடங்கும் யோவானின் பட்டியல் மனிதரின் சரீரங்களிலும் ஆத்துமாக்களிலும் போய் முடிகிறது. எந்த நகரம் பாபிலோன் என்ற கேள்வியைவிட, எந்த நடத்தை ஒரு நகரத்தைப் பாபிலோனாக்குகிறது என்ற கேள்வியையே இந்த எதிரொலிகள் நம்முன் வைக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏதோ ஒரு தூரதேசத்தின் மேல் அந்தப் பெயரை ஒட்டிவிட்டால், வெளியே வாருங்கள் என்ற கட்டளை நம்மை நோக்கி வருவதே நின்றுபோகிறது.

எண்களுக்கும் இது பொருந்தும். 42 மாதங்கள், 1260 நாட்கள், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் என மூன்று விதமாகச் சொல்லப்படும் மூன்றரை ஆண்டு, எலியாவின் நாட்களில் மழை பெய்யாதிருந்த காலமாக லூக்கா 4-இலும் யாக்கோபு 5-இலும் குறிக்கப்படுகிறது. வெளிப்படுத்தல் 11-இல் வரும் இரண்டு சாட்சிகள் மழை பெய்யாதபடி எலியாவைப்போல் வானத்தை அடைக்கிறார்கள். மோசேயைப்போல் தண்ணீரை இரத்தமாக்குகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் ஸ்திரீ கழுகின் சிறகுகளைப் பெற்று வனாந்தரத்தில் போஷிக்கப்படுகிறாள். யாத்திராகமம் 19-இல் தேவன் இஸ்ரவேலைக் கழுகின் சிறகுகளில் சுமந்ததும், கேரீத் ஆற்றண்டையில் எலியா போஷிக்கப்பட்டதும் அங்கே ஒன்றாய்ச் சந்திக்கின்றன. துன்பத்துக்கு எல்லை உண்டு, அதற்குள் பாதுகாப்பும் உண்டு என்பதே அந்த எண் சொல்லும் செய்தி.

இந்த வேர்களிலிருந்து எண்ணைப் பிடுங்கித் தேதிகளைக் கணித்தவர்களின் வரலாறு நீண்டது. 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி ஃபியோரே யோவாக்கிமைப் பின்பற்றியவர்கள் 1260-ஆம் ஆண்டைப் புதிய யுகத்தின் தொடக்கமாக எதிர்நோக்கினார்கள். தானியேல் 8:14-இன் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்ட அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தரின் வருகைக்காகக் காத்திருந்து நொறுங்கிப்போனார்கள். அவர்கள் உண்மையான பக்தியுள்ளவர்கள் என்பதால்தான் அந்த நிகழ்வு என்னை இன்றும் வருத்துகிறது. மிருகத்தின் எண்ணான 666 குறித்து 2-ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாவான ஐரேனியஸ், அந்த எண்ணுக்குப் பல பெயர்கள் பொருந்தும் என்பதைக் காட்டி, ஒன்றை உறுதியாக அறிவிப்பது ஆபத்து என்று எச்சரித்தார். சில பழைய பிரதிகளில் அந்த எண் 616 என்று இருப்பதையும் அவர் அறிந்திருந்தார்.

எதிர்கால நிறைவேறுதலை நான் மறுப்பதாக எண்ணவேண்டாம். எல்லாம் முதல் நூற்றாண்டில் நிறைவேறிவிட்டதா, இனிமேல்தான் நடக்குமா என்பதில் பக்தியும் கல்வியும் நிறைந்தவர்களே வேறுபடுகிறார்கள். எந்த நிலைப்பாட்டை நீங்கள் எடுத்தாலும், பழைய ஏற்பாட்டின் எதிரொலியைக் காட்டாமல் விளக்கத்தைக் கொடுக்கும்போது, கேட்பவர் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் உங்கள் வார்த்தையை மட்டுமே நம்பவேண்டியதாகிறது. பெரோயா ஊரார் பவுலின் போதனையையே நாள்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். உங்கள் மாணவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

ஆகையால், அடுத்தமுறை தானியேல் 9-ஐக் கற்பிக்கும்போது, எழுபது வாரங்களின் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பு அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் செய்யுங்கள். எரேமியாவின் எழுபது ஆண்டுகளைப் புரிந்துகொண்ட தானியேல் உடனே உபவாசித்து, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிடுகிறார். அந்த ஜெபம் 3 முதல் 19 வரை பதினேழு வசனங்களுக்கு நீள்கிறது. வாரங்களைப் பற்றிய பகுதியோ நான்கு வசனங்கள்தான். வகுப்பின் நேரத்தையும் அந்த அளவிலேயே பகிர்ந்துகொடுக்கும்படி உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் வகுப்புகளில் அமர்ந்து கேட்கும் ஒரு விசுவாசி