பட்டா உன் பேரில்தான் இருக்கும்

அன்புள்ள சேகர்,

நலம். வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் கணக்கு வாத்தியார் பாணியில் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். நீ அனுப்பிய நோட்டீஸ் நகலைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

"நிலத்தை எடுக்கலையாம், அடியில குழாய் மட்டும்தானாம், தொல்லையில்ல" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இது 1962ஆம் வருடப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி வந்த நோட்டீஸ். அரசு எடுப்பது நிலத்தை அல்ல, பயன்பாட்டு உரிமையை, அதாவது அடியில் குழாய் போட்டுப் பராமரிக்கும் உரிமையை. பட்டா உன் பேரில், தீர்வையும் உன் பேரில். ஆனால் பிரிவு 9 என்ன சொல்கிறது தெரியுமா? உரிமையை எடுத்ததாக 6ஆம் பிரிவு அறிவிப்பு வந்தபின், குழாய் போகும் நிலப்பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. உரிமையை எடுக்கப்போவதாகச் சொல்லும் முதல் அறிவிக்கைக்கு, அதாவது 3(1) அறிவிக்கைக்கு, முன் எதற்குப் பயன்பட்டதோ அதற்கே நிலம் பயன்படலாம். நெல் போட்டால் நெல். தென்னை வைக்கிறேன், பிள்ளைக்கு வீடு கட்டித் தருகிறேன் என்று நாளைக்குக் கிளம்பினால் அந்தப் பட்டையில் நடக்காது.

இதற்கு ஈடு, பயிர், மரச் சேதம் போக, அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதுவும் 3(1) அறிவிக்கை வந்த நாளின் மதிப்பில். வயலின் நடுவே குழாய் போனால் இரண்டு பக்கமும் மிஞ்சும் துண்டுகளின் விலை விழுமே, அது இந்தப் பத்தில் வராது. எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. தொகை போதவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம்.

மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் நமக்கே சொந்தம் என்று மணி சொன்னானாமே! அவன் சட்டம் பேசினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? அமெரிக்காவில் பல இடங்களில் அடிக்கனிமமும் தனியார் சொத்து, மேல்மண்ணிலிருந்து பிரித்தே விற்பார்கள். இங்கே எண்ணெய், எரிவாயு எடுத்தால் ராயல்டி மாநில அரசுக்கு. பட்டாதாரருக்கு அதில் பங்கில்லை.

டெல்டாவுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே என்பாய். எண்ணெய், எரிவாயு விஷயத்தில் புதிதாகத் துளையிடுவதைத்தான் அது தடுக்கிறது. ஏற்கெனவே நடக்கும் திட்டங்களை அது தொடவில்லை, குழாய்களுக்கும் விலக்கு உண்டு.

ஆட்சேபம் சொல்ல 21 நாள், அறிவிக்கை நகல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த நாளிலிருந்து. வாயால் சொன்னால் செல்லாது, எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கு. "வேண்டாம்" என்று மட்டும் எழுதாதே. புல எண், உட்பிரிவு, கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே, குழாயை எந்த வரப்போரமாகத் தள்ளினால் குறைந்த சேதம் என்று புலப்படத்தில் கோடு போட்டுக் கொடு. வீட்டைச் சேர்ந்த, அதை ஒட்டிய நிலத்தில் குழாய் பதிக்க முடியாது, 1 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் குழாய் கூடாது. இரண்டையும் மனுவில் குறிப்பிடு.

கூட்டுப்பட்டாவில் உன் பேரோடு பெரியப்பா பேரும் இன்னும் கிடக்கிறதல்லவா? இப்போதே வாரிசுச் சான்று வாங்கி மாற்று. பங்கில் தகராறு என்றால் விஷயம் நீதிமன்றம் போய்விடும், பணம் கைக்கு வராமல் தூங்கும். குத்தகைக்கு உழுகிறவருக்கும் பயிர்ச்சேதத்தில் உரிமை உண்டு, அவர் பெயர் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், ஏறியிருக்கட்டும்.

என்னை மிகவும் உறுத்துவது எல்லைக்கல். புல்டோசர் வந்தால் வரப்பும் போகும், கல்லும் போகும். குழாய் மூடிய பிறகு பக்கத்து வயல்காரனோடு அரை அடிக்கு ஆயுசு முழுக்கச் சண்டை. வேலை தொடங்குமுன் சர்வேயரை வைத்து அளந்து, ஒவ்வொரு கல்லையும் தேதியோடு படமெடுத்துவிடு. மேல்மண்ணைத் தனியாகக் குவிக்கச் சொல். அடிமண்ணை முதலில் தள்ளி, மேல்மண்ணைக் கடைசியில் பரப்ப வேண்டும். கலந்துவிட்டால் விளைச்சல் அடிபடும். இரண்டு மழைக்குப் பிறகு பள்ளம் அமுங்கித் தண்ணீர் ஒரே பக்கம் தேங்கும், அதை நிரவித் தருவதையும் எழுத்தில் வாங்கு.

இந்த உரிமை அரசிதழ் அறிவிப்பால் வருவது, பத்திரப்பதிவால் அல்ல. அதனால் வில்லங்கச் சான்றில் தெரியாமலே போகலாம். தெற்கே அந்த ஒரு ஏக்கரை வாங்கப்போவதாக எழுதினாயே, முன்பணம் கொடுக்குமுன் அந்தப் புல எண் அரசிதழில் வந்திருக்கிறதா என்று பார்.

நகலின் இரண்டாம் பக்கத்தில் உட்பிரிவு எண் மங்கலாக இருக்கிறது. மறுபடி படமெடுத்து இன்றே அனுப்பு.

அன்புடன்,
ரவி