எண் மாறக் கூடாது: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. டாக்டர் சொன்னபடி கொஞ்ச நாள் திரையைப் பார்க்காமல் இரு. இந்தக் கடிதத்தையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள். மகளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

"இன்னும் அந்தப் பழைய சாஃப்ட்வேரையா கட்டிக்கொண்டு அழுகிறாய்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று கேட்டிருந்தாய். கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துவிடுவேன். உனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. நீயும் இந்த வேலையில் இருந்தவன். நீ விலகிய பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாம் பார்த்தது கோடாப் வழிவந்த மென்பொருள், அதாவது ஒரு பணியில் இருப்பவர்கள் என்னென்ன வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அலசும் நிரல்களின் தொகுப்பு. அதன் பிறப்பு அமெரிக்க விமானப்படையில், டெக்சாஸில் உள்ள லாக்லாண்ட் தளத்தில், 1960-களில். அங்கே ஆய்வாளராக இருந்த ரேமண்ட் கிறிஸ்டலும் அவரோடு இருந்தவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஒரு பணிப்பிரிவில் இருக்கும் சிப்பாய் நிஜமாக என்ன வேலை செய்கிறார்? மேலதிகாரியைக் கேட்டால், என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்வார். பயிற்சிப் பள்ளியைக் கேட்டால், அங்கே சொல்லிக்கொடுப்பதைச் சொல்வார்கள். அதனால் வேலை செய்கிறவரையே கேட்டார்கள். நூற்றுக்கணக்கான சிறு வேலைகளைப் பட்டியலாகக் கொடுத்து, நீ செய்வதற்கு மட்டும் குறி போடு, உன்னுடைய மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் இதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று மதிப்புக் கொடு என்றார்கள். நம் பட்டியலில் அந்த மதிப்பு 1 முதல் 9 வரை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. எது அதிகம், எது குறைவு என்று கேட்டால் எல்லோராலும் சொல்ல முடியும். இவ்வளவு வருஷம் ஆகியும் எனக்கு அந்த யோசனை மேல் உள்ள மதிப்புக் குறையவில்லை.

அதற்கு மேல் வருவது வெறும் கூட்டலும் வகுத்தலும்தான். ஒருவர் மூன்று வேலைக்கு 9, 6, 5 என்று மதிப்பிட்டால் கூட்டுத்தொகை 20. அவருடைய நேரம் 45, 30, 25 சதவீதமாகப் பிரிகிறது. இன்னொருவர் இவற்றில் முதல் இரண்டு வேலைக்கு 2, 3 என்றும், இவர் செய்யாத வேறொரு வேலைக்கு 5 என்றும் போட்டிருந்தால் அவருடைய நேரம் 20, 30, 50. இரண்டு பேருக்கும் பொதுவான பங்கைக் காண ஒவ்வொரு வேலையிலும் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டினால் போதும்: 20, 30, சேர்த்து 50 சதவீதம். இப்படி ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டு, மிக நெருங்கிய இருவரை முதலில் ஒன்றாக்கி, பிறகு அடுத்தவரை, அடுத்த குழுவை என்று சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மரம் கிடைக்கும். ஒரே பணிப்பெயரில் இருப்பவர்களுக்குள்ளே நிஜத்தில் எத்தனை விதமான வேலைகள் இருக்கின்றன என்பதை அந்த மரம் காட்டிவிடும். லாக்லாண்டில் இருந்த ஜோ வார்ட் 1963-ல் வெளியிட்ட படிநிலைக் குழுவாக்கக் கட்டுரையை இன்று புள்ளியியல் படிக்கும் எல்லோரும் அறிவார்கள். அந்தக் கணக்கு இந்த மாதிரி வேலையின் மடியில் வளர்ந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

இதை எல்லாம் உனக்கே திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2000 பேர் பதில் கொடுத்தால் ஒப்பிட வேண்டிய ஜோடிகள் 19,99,000. அத்தனை எண்களில் சில சரிசமமாக வந்தே தீரும். சமமாக வந்தால் எந்த ஜோடியை முதலில் சேர்ப்பது? கணினி ஒரு எண்ணை வைக்கும் அடிப்படை இடத்துக்கு 'சொல்' என்று பெயர். பழைய யூனிவாக் 1108 இயந்திரத்தில் ஒரு சொல்லுக்கு 36 பிட், ஐபிஎம் 360-ல் 32 பிட். மூன்றில் ஒரு பங்கு போல முடிவில்லாமல் நீளும் எண்ணை இரண்டும் வேறு வேறு இடத்தில் வெட்டும். ஒன்றில் சமமாகத் தெரிவது மற்றொன்றில் கடைசி இலக்கத்தில் ஒரு நூலிழை பெரிதாகத் தெரியும். சேரும் வரிசை மாறும். கீழே ஒரு கிளை மாறினால் மேலே குழுவே மாறும். அதே கேள்வித்தாள், அதே பதில்கள், ஆனால் இரண்டு படைகளின் அறிக்கைகளில் இரண்டு மரங்கள்.

இந்த முறை புதிய சர்வருக்கு மாற்றியபோது எனக்கும் இதே தொல்லை வந்தது. ஒரு பணிப்பிரிவில் பழைய அறிக்கையில் தனிக் குழுவாக நின்ற ஆன்டெனா பராமரிப்பாளர்கள், புதிய அறிக்கையில் பெரிய குழு ஒன்றுக்குள் போய்விட்டார்கள். கூட இருந்த இளைஞர்கள் நிரலில் பக் (பிழை) இருக்கிறது என்று வரி வரியாகத் தேடினார்கள். பக் எங்கும் இல்லை. சமமான ஜோடிகள் வந்தால் என்ன செய்வது என்ற விதி எங்குமே எழுதப்படாமல், பழைய இயந்திரத்தின் பழக்கமாக மட்டும் இருந்திருக்கிறது. இப்போது அதை விதியாக எழுதிவிட்டோம்: வித்தியாசம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் சமம் என்று கொள், பதிலளித்தவரின் வரிசை எண் சிறியது எதுவோ அதை முதலில் சேர். எந்த விதி என்பது அவ்வளவு முக்கியமில்லை. எல்லாப் படைகளிலும் ஒரே விதி ஓட வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும்.

புதிதாக ஒன்று வாங்கிப் போடு என்கிறாயே, அங்கேதான் சிக்கல். குழுவாக்கும் கணக்கு இன்று எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் கிடைக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய அறிக்கையோடு இன்றையதை அருகருகே வைத்து, வேலை மாறியிருக்கிறதா என்று பார்க்கும் நம்பிக்கை அதோடு சேர்ந்து வராது. எண் மாறினால் மனிதர்களின் வேலை மாறியதால்தான் மாற வேண்டும். நம் கணக்கு மாறியதால் மாறக் கூடாது. இந்த எண்களைப் பார்த்துத்தான் பயிற்சிப் பள்ளியில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார்கள். பதவி உயர்வுத் தேர்வுகளின் கேள்விகளும் இதை வைத்து அமைகின்றன. பட்டியலைப் பொறுமையாக நிரப்பித் தந்த ஒரு சிப்பாயின் அடுத்த சில வருஷ வாழ்க்கை இதில் இருக்கிறது.

பல படைகளுக்குச் சேர்த்து ஒரே மென்பொருளை வைத்திருப்பதில் மற்றொரு தலைவலி பெயர்கள். ஸ்டாஃப் சார்ஜென்ட் என்று ஒரு பதவி. விமானப்படையில் அது ஈ-5 ஊதிய நிலை. தரைப்படையிலும் மரைன் படையிலும் அதே பெயர் ஈ-6. பதவிப் பெயரை வைத்து இரண்டு படைகளின் கோப்புகளைச் சேர்த்தால், அனுபவம் வேறுபட்ட இரண்டு கூட்டத்தை ஒன்றாகக் கலந்துவிடுவோம். அதனால் உள்ளே ஊதிய நிலையை மட்டும் வைக்கிறோம், பெயர் அச்சடிக்கும்போதுதான் வருகிறது. பணிக் குறியீடுகளும் அப்படியே. விமானப்படை 1993-ல் தன் குறியீட்டு முறையை அடியோடு மாற்றியது. கடற்படை 2016 செப்டம்பரில் தொழிற்பெயர்களை நீக்குவதாக அறிவித்தது, அதே டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. 2019 டிசம்பரில் விண்வெளிப் படை பிறந்தது. அதற்குத் தனிப் பதவிப் பெயர்கள் பின்னால் வந்தன. நேற்று விமானப்படைக் கோப்பில் இருந்தவர் இன்று வேறு படையில், வேறு பதவிப் பெயரோடு, அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். இதை எல்லாம் நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு உத்தரவுக்கும் நிரலைத் திறந்து வைத்தியம் பார்க்க வேண்டியிருந்திருக்கும். தேதியோடு கூடிய அட்டவணைகளாக வெளியே வைத்திருக்கிறோம். எந்தத் தேதியில் எந்தக் குறியீடு செல்லும் என்று அட்டவணையே சொல்லும்.

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்துவது காலி இடம். நேரக் கேள்வியில் காலியாக விட்டால் அந்த வேலையை அவர் செய்வதில்லை என்று பொருள், பூஜ்யம். மூத்தவர்களிடம் பயிற்சி முக்கியத்துவம் கேட்கும்போது அளவுகோல் 0-லிருந்து 9 வரை. அங்கே காலி என்றால் பயிற்சி தேவையில்லை, அதுவும் பூஜ்யம். வேலையின் கடினத்தைக் கேட்கும்போது காலி என்றால் அந்த வேலை அவருக்குப் பழக்கமில்லை, அவரைச் சராசரியில் சேர்க்கவே கூடாது. 40 பேரில் 10 பேர் மட்டும் 8 என்று கொடுத்து மற்றவர்கள் காலியாக விட்டிருந்தால் கடினம் 8. காலியை எல்லாம் பூஜ்யமாக்கினால் அது 2 ஆகிவிடும். அபூர்வமாக வரும், கடினமான வேலைகள்தான் இதில் முதலில் அடிபடும், ஏனென்றால் அவற்றைத்தான் பலரும் காலியாக விடுவார்கள். எக்செலில் திறந்து சேமித்துவிட்டு அனுப்பும் ஒவ்வொரு கோப்பையும் நான் இந்தப் பயத்தோடுதான் பார்க்கிறேன். புதிய பதிப்பில் காலிக்கு மூன்று தனிக் குறி வைத்தாயிற்று. எந்தக் கேள்வி என்று தெரியாமல் எந்தக் காலியையும் நிரல் இனி தொடாது.

சப்போர்ட் வேலை எப்படி என்று கேட்டாய். பாதிக் கோப்புகளை நான் பார்க்கவே முடியாது. அவர்கள் நெட்வொர்க் தனி. அப்டேட் அனுப்பினால் பாதுகாப்புப் பிரிவு சோதித்து அனுமதி கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த அப்டேட் தயாராகிவிடும். அதனால் அடிக்கடி அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டேன். பிழைச் செய்தியை எதிர்முனையில் இருப்பவர் போனில் எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் இங்கே தாளில் எழுதிக்கொள்வேன். அதனால் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சிறு எண்ணும், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முழு வாக்கியமும் வைத்தோம். இது மட்டுமே அழைப்புகளை நன்றாகக் குறைத்தது.

சீருடையில் இருக்கும் ஆய்வாளர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். மரத்தைப் படித்து, இந்த இடத்தில் வெட்டினால்தான் பணிக்குழுக்கள் பொருளோடு நிற்கும் என்று சொல்லும் பழக்கம் ஒருவருக்கு வந்து சேரும்போது அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். கையேடு எழுதினேன். கையேட்டை விட, போகிறவரையும் வருகிறவரையும் ஒரே அறிக்கை முன்னால் சேர்த்து உட்கார வைப்பதுதான் பலன் தருகிறது. எந்த அலுவலகத்திடமும் இதைத்தான் முதலில் கேட்கிறேன். பலரும் முடியாது என்கிறார்கள். கேட்பதை நான் நிறுத்தவில்லை.

இப்போது ஒரு வாக்குவாதம் நடக்கிறது, அதில் உன் கருத்தும் வேண்டும். ஒரு பிரிவினர், பெயர் வேண்டாம், 9 புள்ளி அளவுகோலை விட்டு 5 புள்ளிக்கு வரக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. போன் திரையில் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு 9 கட்டம் என்றால் பாதியில் மூடிவிட்டுப் போகிறார்கள். முழுதாக வராத பதில் யாருக்குப் பயன்? ஆனால் 5 புள்ளியில் வரும் சதவீதமும் 9 புள்ளியில் வரும் சதவீதமும் ஒன்றல்ல. அதிக நேரம் பிடிக்கும் வேலைக்கும் குறைந்த நேர வேலைக்கும் இடையே 9-க்கு 1 என்று இருந்த இடைவெளி 5-க்கு 1 என்று சுருங்கிவிடும், பெரிய வேலைகள் எல்லாம் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். பழைய அறிக்கையோடு வைத்துப் பார்க்கிறவர், அந்த வேலை குறைந்துவிட்டது என்று நினைத்துப் பயிற்சி நேரத்தை வெட்டுவார்.

நாங்கள் தனியாக ஒரு பிரதி எடுத்து மாற்றிக்கொள்கிறோம் என்று வேறு சொல்கிறார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனிப் பிரதி எடுத்த இடங்களில் என்ன ஆனது என்று நீயும் பார்த்திருக்கிறாய்: மாற்றியவர் போன பிறகு அதைத் தொட ஆள் இருக்காது, பொதுப் பதிப்பில் வரும் திருத்தங்களும் அங்கே போய்ச் சேராது. என் யோசனை இது. 5 புள்ளியைப் பொதுப் பதிப்பிலேயே அனுமதிக்கலாம். ஒவ்வொரு கோப்பும் தன் அளவுகோலைத் தன்னோடு சுமக்க வேண்டும். வேறு அளவுகோல் கொண்ட இரண்டு கோப்புகளைச் சேர்க்கச் சொன்னால் நிரல் மறுக்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். முதல் முறை மாறும்போது ஒரு பணிப்பிரிவில் பாதிப் பேருக்கு 9, பாதிப் பேருக்கு 5 என்று கொடுத்து, எவ்வளவு விலகுகிறது என்று அளந்துவிட்டு மேலே போகலாம். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.

இன்னொரு உதவி. நீ புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பத்துப் பேர் கொண்ட ஒரு கற்பனைப் பணிப்பிரிவை உண்டாக்கி, முழு மரத்தையும் பேனாவால் கணக்குப் போட்டு வைத்திருந்தாயே, சமமான ஜோடிகள் இரண்டு இடத்தில் வருமே, அந்தத் தாள்கள் இன்னும் உன்னிடம் இருக்கின்றனவா? எந்த இயந்திரத்தையும் சாராத விடை அது ஒன்றுதான். இருந்தால் யாரையாவது படம் பிடித்து அனுப்பச் சொல். ஒவ்வொரு பதிப்பும் வெளியே போகும் முன் அந்த மரத்தை அப்படியே திரும்பத் தர வேண்டும் என்று டெஸ்டில் சேர்க்கப் போகிறேன். அளவுகோல் கூட்டம் அடுத்த மாதம். அதற்கு முன்னால் உன் பதில் வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய தோழன்