படையை விடுங்கள், முதலில் பேரேட்டைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் போட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கிச் சூடு, ஆன்லைன் ரம்மி, ராத்திரி முழுக்கப் போனைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள், எல்லாம் இருந்தது. ரம்மி விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை, காசு கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்ததும் நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே அந்த இரண்டு ரகம்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. சரக்கு வாங்கி விற்பது, கப்பல் விடுவது, ஒரு நாட்டின் கஜானாவை நடத்துவது என்று பழைய காலம் ஒன்றை முன்னால் விரித்துவைத்து "இப்போது நீ என்ன செய்வாய்" என்று கேட்கும் ஆட்டங்கள் முப்பது வருஷத்துக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. நான் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இந்த ஆட்டங்களை ஆடுகிறவன். சந்தையிலேயே பிறந்து வளர்ந்த நம் கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடைக்காது என்பது என் கட்சி.

கிடைத்தும் ஏன் யாரும் ஆடுவதில்லை? தொடங்குகிற இடம் தப்பு, அவ்வளவுதான். என் அக்கா மகன் பெருந்துறையில் பொறியியல் படிக்கிறான். நண்பன் ஒருவன் சொன்னான் என்று யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற, ஒரு நாட்டையே நடத்துகிற ஆட்டத்தை வாங்கினான். திறந்தவுடன் உலக வரைபடம் முழுக்க நூற்றுக்கணக்கான நாடுகள், மேலே பத்துப் பதினைந்து எண்கள், ஒரு பொத்தானை அமுக்கினால் அதற்குள் ஏழெட்டுப் பக்கங்கள். இவன் நேராகப் போய் ஓட்டோமான் பேரரசை எடுத்திருக்கிறான், பெரிய நாடு என்றால் சுலபமாக இருக்கும் என்று நினைத்து. ஒரே சமயத்தில் மூன்று பக்கம் சண்டை, கஜானா காலி, கடனுக்கு வட்டி. "ஏனுங் மாமா, ஒரு ஆட்டம் ஆடறதுக்கு இத்தன படிக்கோணுமா?" என்று கேட்டு மூடிவைத்துவிட்டான். இணையத்தில் வழிகாட்டி வீடியோக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் ஓடுகிறது, அதுவும் ஆங்கிலத்தில், ஏற்கெனவே ஆயிரம் மணி நேரம் ஆடியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பாஷையில். அதைப் பார்த்து எவனும் தொடங்க மாட்டான்.

என்னைக் கேட்டால், சண்டையில் தொடங்கக் கூடாது, வியாபாரத்தில் தொடங்க வேண்டும். பெரிய உலகத்தை எடுக்காமல் ஒரு கடலையும் ஒரு கப்பலையும் எடுக்க வேண்டும். அதற்கு இன்றைக்கும் நான் சொல்வது பேட்ரீசியன் 3 என்ற பழைய ஜெர்மன் விளையாட்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, படம் அழகாக இருக்காது, ஆனால் வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி சமயத்தில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும்.

கதை நடப்பது வட ஐரோப்பிய ஊர்களின் வணிகர்கள் சேர்ந்து நடத்திய ஹான்சா கூட்டமைப்பின் காலத்தில், வட கடலிலும் பால்டிக் கடலிலும். லூபெக், ஹாம்பர்க், பெர்கன், ரீகா, ஸ்டாக்ஹோம், நோவ்கொரோட், லண்டன் என்று ஊர்கள். கையில் கொஞ்சம் பணமும் ஒரு சின்னக் கப்பலும் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஊரும் சில சரக்கை நன்றாகச் செய்யும், சிலதற்கு ஏங்கிக்கொண்டிருக்கும். தானியம், பீர், உப்பு, மீன், மரம், கம்பளி, தோல், இரும்புச் சாமான், தேன், தார். எங்கே எது மலிவு, எங்கே எது அருமை என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. இதற்கு யாராவது நமக்கு வகுப்பு எடுக்க வேண்டுமா?

முதலில் எல்லோரும் ஒரு இடத்தில் சறுக்குவார்கள், என் அக்கா மகனும் சறுக்கினான். பீர் மலிவாகக் கிடைத்தது என்று கப்பல் முழுக்க ஏற்றிக்கொண்டு போய், பக்கத்து ஊரில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் விற்றான். முதல் சில பீப்பாய்க்கு நல்ல விலை. பொத்தானை அமுக்க அமுக்க விலை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பீப்பாய்கள் போனது வாங்கிய விலைக்கும் கீழே. "கம்ப்யூட்டர் ஏமாத்துது மாமா" என்றான். அதெல்லாம் ஒன்றுமில்லை. மாசியில் புது மஞ்சள் ஒரே நாளில் மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வந்து குவிந்தால் விரலி மஞ்சள் என்ன விலைக்குப் போகும் என்பது தெரியாத விவசாயி இந்த மாவட்டத்தில் இல்லை, அதே கணக்குதான் அங்கேயும். கொஞ்சம் விற்றுவிட்டு மீதியைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும், திரும்பும்போது காலிக் கப்பலாகத் திரும்பக் கூடாது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் பாதி ஆட்டம் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். ஊர் பெயர், சரக்கு, வாங்கும் விலை, விற்கும் விலை, நாலே நாலு பத்தி. திரையில் எல்லாம் இருக்கிறதே என்பான் பையன், இருக்கிறதுதான், ஆனால் கையால் எழுதிய விலைதான் மண்டையில் நிற்கும். பணம் கொஞ்சம் சேர்ந்ததும் இன்னொரு ஊரில் ஒரு அலுவலகமும் கிடங்கும் வாங்கலாம், அங்கே ஒரு குமாஸ்தாவை வைக்கலாம். மதுக்கடையில் தேடினால் சில சமயம் கப்பல் தலைவன் ஒருவன் கிடைப்பான், அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டால் "இந்த ஊரில் இந்த விலைக்கு மேல் வாங்காதே, அந்த ஊரில் அந்த விலைக்குக் கீழ் விற்காதே" என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம், கப்பல் தானாகச் சுற்றிவரும். அந்தப் பட்டியலைச் சரியாகப் போட நம் நோட்டு இருந்தால்தான் முடியும். கடல் கொள்ளைக்காரர், நகர்மன்றம், மேயர் தேர்தல் இதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். தொடங்கும்போதே கொள்ளைத் தொல்லையைக் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, கௌரவம் பார்க்காமல் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக்கொண்டே இருந்தால் உண்மையில் இது எப்படி நடந்தது என்ற கேள்வி தானாக வரும். லூபெக் ஏன் அவ்வளவு பெரிய ஊர் ஆயிற்று? லூனபர்க்கில் உப்பு எடுத்தார்கள், அது லூபெக் வழியாக இன்றைய தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனா கரைக்குப் போயிற்று, அங்கே பிடித்த ஹெர்ரிங் மீனை அந்த உப்பில் போட்டுப் பீப்பாயில் அடைத்தார்கள், இறைச்சி சாப்பிடாத விரத நாட்களுக்கு ஐரோப்பா முழுக்க அந்த மீன் போயிற்று. அந்த உப்பைக் கொண்டுவருவதற்காகவே ஸ்டெக்னிட்ஸ் என்று ஒரு கால்வாய் வெட்டி 1398-இல் திறந்தார்கள். ராஜா இல்லாமல், ஊர் வணிகர்கள் கூடிப் பேசியே நடத்திய கூட்டமைப்பு இந்த ஹான்சா, அதன் கடைசிப் பேரவை 1669-இல் கூடியது. பள்ளிப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறவனுக்கும், உப்பு கிடைக்காமல் மீன் விலை எகிறுவதைத் திரையில் பார்த்தவனுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

இது கைவந்த பிறகு யூரோப்பா யுனிவர்சாலிஸுக்குத் திரும்பலாம். அந்த ஆட்டம் தொடங்குவது 1444 நவம்பர் 11. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் காலம் நிற்கும், நிறுத்திவைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், யாரும் விரட்டுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் போர்ச்சுகலைச் சொல்வார்கள், பின்னால் கடல், பக்கத்தில் நட்பு நாடு, பயமில்லை என்று. சரி, ஆனால் நான் விஜயநகரத்தைச் சொல்வேன். ஊர்ப் பெயர்களும் எல்லைகளும் நமக்குத் தெரிந்தவை, தெற்கே பெரிய எதிரி கிடையாது, வடக்கே பாமினி சுல்தான்களை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். அப்போது ஆண்டது இரண்டாம் தேவராயர். பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே வந்து பார்த்துவிட்டு அசந்துபோய் எழுதியது அதற்கு முந்தைய ஆண்டுதான். முதல் சில மணி நேரத்துக்கு ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள், மாத வரவு செலவு. அது நட்டத்தில் போகாமல் இருக்கும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இந்த ஆட்டத்தில் வணிகம் உலகெங்கும் அம்புக்குறிகளாக ஓடுகிறது. அம்பின் திசையை நாம் மாற்ற முடியாது. சோழமண்டலக் கரையில் விளைந்த மதிப்பெல்லாம் மேற்கே மேற்கே தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஜெனோவா, வெனிஸ், ஆங்கிலக் கால்வாய் என்ற மூன்று இடத்தில்தான் தேங்கும். நம் கரையில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆடினாலும், அங்கிருந்து ஒரு காசை இந்தப் பக்கம் இழுக்க முடியாது. இது என்ன நியாயம்? 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்து நம் துணியை வாங்கியது வெள்ளியையும் தங்கத்தையும் கொண்டுவந்து கொட்டித்தான். இன்னும் பின்னால் போனால், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறதே என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் புலம்பியிருக்கிறார். அந்தக் காசில் ஒரு பங்கு நம் வெள்ளலூரிலும் கரூரிலும் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி பட்டை தீட்டியவர்கள், சேரநாட்டுத் துறைமுகத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வண்டி கட்டியவர்கள், இவர்களை வைத்து ஒரு விளையாட்டு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். வரும்வரை அம்புக்குறியைத் திட்டிக்கொண்டே ஆட வேண்டியதுதான். 2025 நவம்பரில் யூரோப்பா யுனிவர்சாலிஸின் ஐந்தாம் பாகம் வந்திருக்கிறது, 1337-இல் தொடங்குகிறது. அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், புதியவர்கள் அவசரப்பட வேண்டாம்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: விக்டோரியா 3. 1836 முதல் 1936 வரை. பருத்தித் தோட்டத்திலிருந்து துணி, துணியிலிருந்து ஆலையில் ஆடை, ஆலைக்கு வேலையாள், வேலையாளுக்குக் கூலி, கூலி ஏறினால் அவனே ஆடை வாங்க வருவான். துணி விலை ஏறினால் ஆடை ஆலைகள் நட்டத்தில் ஓடுவதை நிறம் மாறும் எண்களில் பார்க்கும்போது பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும், பகலில் படுவது போதாது என்று. சோழர் வேண்டும் என்பவர்களுக்கு க்ரூசேடர் கிங்ஸ் 3 இருக்கிறது, 1066-இல் தொடங்கினால் வீரராஜேந்திரர் காலம். அது வியாபாரம் கிடையாது, பங்காளிச் சண்டையும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும். அதற்கும் நமக்குப் பயிற்சி தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. அடிப்படை ஆட்டத்தை மலிவாகக் கொடுத்துவிட்டுக் கூடுதல் பாகங்களைத் தனித்தனியாக விற்றுக் காசு பிடுங்குகிறார்கள், தொடங்குகிறவர்கள் ஒன்றுகூட வாங்க வேண்டாம். "இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்" என்று விடிய வைத்துவிடும் ஆபத்தும் உண்டு, பரீட்சை நேரத்தில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைப்பது சரிதான். நாடு பிடிப்பதையும் மனிதர்களை அடிமையாக விற்றதையும் வெறும் வண்ணமும் எண்ணுமாகக் காட்டிவிட்டுப் போகிற இடங்களில் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நல்லது.

பெரிய தடை மொழிதான். நான் சொன்ன ஆட்டங்கள் எதுவும் தமிழில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு வாரமும் புது போனின் கேமராவைப் பற்றி அரைப்பக்கம் எழுதுகிறீர்கள். அதில் மாதம் ஒருமுறை கால்பக்கத்தை ஒதுக்கி, இந்த மாதிரி ஒரு விளையாட்டைத் தமிழில் அறிமுகப்படுத்துங்கள்: எந்த நாட்டை எடுப்பது, எந்தப் பொத்தானை முதல் நாள் தொடவே கூடாது, கணக்குப் பக்கத்தை எப்படிப் படிப்பது. எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். பங்குனி முடியும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், மண்டியில் வரத்து அதிகம்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் மண்டிக் கணக்கர்,
ஈரோடு